புலம்பெயர்ந்தவர்களுக்குக் கொழும்பிலிருந்து எழுதுவது எப்படி? தொண்டு நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறீர்கள். தமிழும் ஆங்கிலமும் ஓரளவு எழுதுவீர்கள் என்பதால் 'வெளிநாட்டு ஆட்களோடு தொடர்பு' என்ற வேலையை உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். கிளிநொச்சியில் ஒரு பாடசாலைக்குச் சைக்கிள் வேண்டும், பின்னேரத்துக்குள் ஒரு மெசேஜ் எழுதி அனுப்புங்கள் என்று பணிப்பாளர் சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குப் போய்விட்டார். அப்படி முழித்துக்கொண்டிருப்பவருக்காகத்தான் இது.

தொடங்குமுன் ஒன்றை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக்கு என்று எழுதுவதெல்லாம் உள்ளூருக்கும் எழுதுவதுதான். ஸ்காபரோவில் இருப்பவருக்கு நீங்கள் அனுப்பும் படம் பத்து நிமிடத்தில் பரந்தனில் அவருடைய அக்காவின் போனுக்கு வந்து நிற்கும். படத்தில் நிற்கும் பிள்ளை அக்கா வீட்டுக்கு அடுத்த வளவுப் பிள்ளையாக இருக்கலாம். காசு கொடுப்பவரும் வாங்குபவரும் பல வேளைகளில் ஒரே ஊர், சில வேளைகளில் ஒரே குடும்பம். நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியையும் இரண்டு பக்கமும் வாசிக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதினால் பாதிப் பிழைகள் தானாக நின்றுவிடும்.

1. யார் யார் என்று பிரித்துப் பாருங்கள்

'புலம்பெயர் தமிழர்' என்று ஒரே கூட்டமாக நினைத்து எழுதினால் யாருக்கும் பொருந்தாத கடிதம்தான் வரும். 1950களிலும் 1960களிலும் இங்கிலாந்துக்குப் படிக்கப் போய் டாக்டராகவும் எஞ்சினியராகவும் அங்கேயே தங்கியவர்கள் ஒரு தலைமுறை. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஜேர்மனி, பிரான்ஸ், சுவிஸ், நோர்வே, கனடா என்று அகதியாகப் போய், உணவகத்தில் கோப்பை கழுவி வீடு வாங்கியவர்கள் இன்னொரு தலைமுறை. 2009க்குப் பிறகு போனவர்கள் வேறு. 2010 ஆகஸ்ட்டில் சன் சீ கப்பலில் கனடாவில் இறங்கிய 492 பேரை நினைத்துப் பாருங்கள். அப்படிப் போனவர்களில் பலருக்கு விசாரணை, வழக்கு, தடுப்புமுகாம் என்று வருடங்கள் போயின. 2022 பொருளாதார நெருக்கடியில் போன இளம் டாக்டர்களுக்கும் ஐடிக்காரர்களுக்கும் ஊர்ச்சங்கம் என்றால் என்னவென்றே தெரியாது.

இவர்களோடு பட்டியல் முடியவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் பெரும்பாலும் புத்தளத்தில் குடியேறினார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இன்று கட்டாரிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட மலையகக் குடும்பங்கள் நீலகிரியில் இருக்கின்றன. தமிழ்நாட்டு முகாம்களில் இன்னும் ஈழத்து அகதிகள் இருக்கிறார்கள். ஹற்றனிலும் காத்தான்குடியிலும் இருந்து குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டுவேலைக்குப் போன பெண்கள் இருக்கிறார்கள். இவர்களில் கையில் காசில்லாதவர்களிடம் நன்கொடை கேட்டு எழுதுவது வேண்டாத வேலை. ஆனால் உங்கள் திட்டம் அவர்களுடைய ஊரைப் பற்றியது என்றால் செய்தி அவர்களுக்கும் போக வேண்டும். காசு உள்ளவருக்கு மட்டும்தான் தகவல் என்று வைத்தால், ஊருக்குள் அது உடனே தெரிந்துவிடும்.

இங்கே ஊர்ச்சங்கங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய மாணவர் சங்கமும் ஊர்ச்சங்கமும் கோயில் நிர்வாகமும்தான் வெளிநாட்டில் காசு திரட்டும் முதுகெலும்பு. அவர்களை விட்டுவிட்டு வேலை நடக்காது. ஆனால் தலைவருக்கு ஒரு மெயில் போட்டால் ஊர் முழுவதுக்கும் சொன்ன மாதிரி என்று மட்டும் நினைக்காதீர்கள். பல சங்கங்களில் மேசையைச் சுற்றி இருப்பது அறுபது தாண்டிய ஆண்கள். ஊரில் எந்தச் சாதிக்காரர் கோயில் வீதிக்குள் வரவில்லையோ, அவர்களில் பலர் ரொறன்ரோச் சங்கத்துக்குள்ளும் வரவில்லை. இதை யாரும் வெளியே சொல்லமாட்டார்கள். நீங்களும் கேட்டுக்கொண்டு திரிய வேண்டாம். சங்கத்துக்கு அனுப்பும் அதே நாளில் பெண்கள் குழுக்களுக்கும் தேவாலயத்துக்கும் பள்ளிவாசலுக்கும் தனித்தனி ஆட்களுக்கும் நேரடியாக அனுப்புங்கள், அது போதும்.

2. பெயர்ப் பட்டியலைத் திருத்துங்கள்

அலுவலகத்தில் ஏற்கெனவே ஒரு எக்செல் கோப்பு இருக்கும். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம். பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. சிவகுமார் என்பவரின் அப்பா பெயர் கந்தையா என்று வையுங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் கந்தையா குடும்பப்பெயராகிவிடும். உங்கள் கணினி 'அன்புள்ள திரு. கந்தையா அவர்களுக்கு' என்று கடிதம் அடித்துத் தள்ளும். பத்து வருடத்துக்கு முன் செத்துப்போன அப்பாவுக்கு நன்கொடை கேட்டுக் கடிதம். பெண்களுக்கு இன்னும் சிக்கல்: சிலர் அப்பா பெயரில், சிலர் கணவர் பெயரில், விவாகரத்தானவர் மறக்க நினைக்கும் பெயரில்.

இரண்டு கட்டத்தையும் எடுத்துவிட்டு ஒரே கட்டம் போடுங்கள்: 'உங்களை எப்படி அழைக்கலாம்?' அவர் எழுதுவதை அப்படியே பாவியுங்கள். திரு, திருமதி, செல்வி தேவையில்லை. துணையை இழந்த ஒருவருக்கும் திருமணமே செய்யாத ஒருவருக்கும் அந்த முன்னொட்டுகள் தேவையில்லாமல் குத்தும்.

கூடவே மூன்று விடயம் கேட்டு வையுங்கள்: எந்த மொழியில் வேண்டும், எதில் அனுப்ப வேண்டும் (மெயில், வட்ஸ்அப், வைபர், குரல் பதிவு), தொடர்ந்து அனுப்பச் சம்மதமா. சம்மதத்தைத் திகதியோடு குறித்துக்கொள்ளுங்கள். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஐரோப்பாவில் 2018 மே முதல் இதைவிடக் கடுமையான சட்டம் நடைமுறையில் இருக்கிறது, அங்கே வாழ்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

வட்ஸ்அப் குழு மட்டும் தொடங்காதீர்கள். குழுவில் போட்டால் எல்லோருடைய நம்பரும் எல்லோருக்கும் தெரியும். அகதி விண்ணப்பம் முடியாத ஒருவருக்கும், ஊரில் யாரோடாவது பிரச்சினைப்பட்டு வந்த ஒரு பெண்ணுக்கும் அது பயத்தைத் தரும். ஒளிபரப்புப் பட்டியல் பாவியுங்கள். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும் என்பதால், முதலில் நம்பரைச் சேமிக்கச் சொல்லி ஒரு வரி எழுத வேண்டியிருக்கும்.

3. எந்த மொழி, எந்த எழுத்து

பெரியவர்களுக்குத் தமிழ், பிள்ளைகளுக்கு ஆங்கிலம் என்று ஒரு கணக்குப் போடுவார்கள். லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் சரி. பாரிஸ் லா சப்பலில் வளர்ந்த பெடியனுக்கு ஆங்கிலம் பள்ளிக்கூடப் பாடம் மட்டும்தான், அவனுக்குப் பிரெஞ்சு. சூரிச்சில் ஜேர்மன், ஒஸ்லோவில் நோர்வேஜிய மொழி. எல்லாவற்றிலும் எழுத உங்களால் முடியாது, தேவையும் இல்லை. இந்தப் பிள்ளைகளில் நிறையப் பேர் வீட்டில் தமிழ் கதைக்கிறார்கள், வாசிக்கத்தான் தெரியாது. ஒன்றரை நிமிடக் குரல் பதிவு ஒன்று அனுப்பினால் அவர்களுக்கும் விளங்கும், கண் தெரியாத பாட்டிக்கும் விளங்கும், இரவு பத்து மணிக்குப் பிறகுதான் போன் கைக்கு வரும் ரியாத்திலுள்ள பெண்ணுக்கும் விளங்கும். என்னைக் கேட்டால், அழகாக வடிவமைத்த செய்திமடலைவிட இதுதான் வேலை செய்யும். பேசுபவர் கொழும்பு அலுவலகத்து ஆளாக இல்லாமல் அந்த ஊரின் அதிபராகவோ மாதர் சங்கத் தலைவியாகவோ இருந்தால் இன்னும் நல்லது.

எழுத்துரு விடயம் சின்னது போலத் தெரியும். இன்னும் பல அலுவலகங்களில் பாமினியில் அடித்த கோப்புகள் கிடக்கின்றன. அதை அப்படியே மெயிலில் ஒட்டி அனுப்பினால் மறுபக்கத்தில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யுனிகோட்டுக்கு மாற்றி, ஒரு தரம் உங்கள் போனுக்கே அனுப்பிப் பார்த்த பிறகு வெளியே அனுப்புங்கள். போஸ்டர் படமாக அனுப்பினால், படத்தில் உள்ள வாசகத்தைக் கீழே எழுத்தாகவும் போடுங்கள். திரைவாசிப்பான் பாவிக்கும் பார்வையற்றவருக்குப் படத்துக்குள் இருக்கும் எழுத்து இல்லாத எழுத்துதான்.

தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் வேறொன்று, சிங்களத்தில் மூன்றாவது என்று எழுதும் பழக்கம் கொழும்பில் உண்டு. தமிழில் கண்ணீர், ஆங்கிலத்தில் திட்ட அறிக்கை, சிங்களத்தில் 'தேசிய நல்லிணக்கம்'. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்று ஒரு போன் போதும். மூன்றிலும் ஒரே விடயத்தைச் சொல்லுங்கள். ஒரு மொழியில் சொல்லக் கூசும் வாக்கியம் ஒன்று இருந்தால் அதை மற்ற இரண்டிலிருந்தும் எடுத்துவிடுங்கள்.

4. இப்போது அந்தச் சைக்கிள் மெசேஜ்

வழக்கமாக எழுதப்படுவது இப்படி இருக்கும்: 'புலம்பெயர் உறவுகளே! போரின் வடுக்களோடு வன்னியில் வாடும் ஏழைச் சிறார்களின் கண்ணீரைத் துடைக்கக் கரம் கொடுப்பீர்!' இதை அந்தப் பிள்ளையின் அம்மா வாசிக்கிறார் என்று நினைத்துப் பாருங்கள். அவர் வயல் செய்கிறார், கச்சான் விற்கிறார், மகளை ஓ.எல். வரை படிக்க வைத்திருக்கிறார். தன் பிள்ளை வாடிக்கொண்டிருக்கிறது என்று கொழும்பில் யாரோ எழுதியிருக்கிறார்கள்.

அதையே இப்படி எழுதலாம். (பாடசாலையும் எண்களும் உதாரணத்துக்கு.)

'வணக்கம். கரைச்சிப் பிரதேசத்தில் ஒரு பாடசாலையில் தரம் 9 முதல் 11 வரை படிக்கும் 40 பிள்ளைகள் ஐந்து கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து வருகிறார்கள். காலையில் பஸ் இருக்கிறது. பின்னேர வகுப்பு முடியும் நேரத்தில் இல்லை. பஸ் நேரத்தை மாற்றித் தரும்படி பெற்றோர் டிப்போவுக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள், பதில் இன்னும் வரவில்லை. அதுவரை சைக்கிள் இருந்தால் சமாளிக்கலாம் என்கிறார்கள். யார் யாருக்கு என்பதைப் பெற்றோரும் அதிபரும் சேர்ந்து முடிவு செய்கிறார்கள். கிளிநொச்சிக் கடை ஒன்றின் விலைப்பட்டியலை இணைத்திருக்கிறோம். உங்களால் முடிந்தால் உதவுங்கள். இதைவிட நல்ல வழி தெரிந்தால் அதையும் எழுதுங்கள்.'

கடைசி வரி முகத்தாட்சண்யத்துக்குப் போடுவதில்லை. ஒஸ்லோவில் இருப்பவர் அந்தப் பாடசாலையில் படித்தவராக இருக்கலாம், மழைக்காலத்தில் அந்தக் குறுக்குப் பாதை சேறாகிச் சைக்கிள் ஓடாது என்று அவருக்குத்தான் தெரியும். வெளிநாட்டில் இருப்பவர்களின் பெரிய மனக்குறையே, எங்களிடம் காசை மட்டும் கேட்கிறார்கள், யோசனையைக் கேட்பதில்லை என்பதுதான். திட்டம் முடிவான பிறகு கேட்பதில் பயனில்லை, அதற்கு முன்பே கேளுங்கள். அதே நேரம் காசு கொடுப்பவர் சொல்வதுதான் சட்டம் என்றும் ஆகிவிடக் கூடாது. கடைசி முடிவு அந்தப் பெற்றோருடையது என்பதை மெசேஜிலேயே சொல்லிவிட்டால் பிறகு சண்டை இல்லை.

பலதரப்பட்டவர்கள் உள்ள பட்டியலுக்குத் தொடக்கத்தில் 'அன்புடையீர்' போதும். விநாயகர் படமும் வேண்டாம். சாப்பாடு கொடுக்கும் திட்டத்துக்கு 'அன்னதானம்' என்று தலைப்பிட்டால் முஸ்லிம் நண்பர் அது தனக்கில்லை என்று நினைப்பார். 'மதிய உணவு' என்று போடுங்கள்.

5. படம்

இதில்தான் அதிகம் கெட்டுப்போகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நீங்கள் எல்லோரும் பார்த்த படம்தான். பின்னால் பெரிய பனர். அதில் லண்டனில் இருக்கும் குடும்பத்தின் படம், 'அமரர் இன்னாரின் ஞாபகார்த்தமாக'. முன்னால் வெள்ளைச் சீருடையில் பிள்ளைகள் வரிசையாக. ஒவ்வொருவர் கையிலும் அப்பியாசக் கொப்பிக் கட்டு. ஒரு நுனியைப் பிள்ளையும் மறுநுனியை விருந்தினரும் பிடித்தபடி இருவரும் கமராவைப் பார்க்கிறார்கள். பிள்ளை சிரிக்கவில்லை. பாடசாலைச் சின்னம் தெளிவாகத் தெரிகிறது. அந்தப் படம் முகநூலில் ஏறி, பத்து வருடம் கழித்து அந்தப் பெண் வேலைக்குப் போகும் இடத்தில் ஒருவர் தேடி எடுக்கும்வரை அங்கேயே இருக்கும்.

கொடுப்பவருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது நியாயம். அதற்கு முகம் தேவையில்லை. கடையில் வரிசையாக நிற்கும் 40 சைக்கிள்கள், சங்கிலிக்கு எண்ணெய் விடும் கை, அதிபர் கையெழுத்திட்ட பட்டியல், கடைப் பில். பிள்ளைகள் சைக்கிளில் போவதைப் பின்னாலிருந்து எடுக்கலாம். போதாதா?

முகம் வேண்டும் என்றால் சம்மதம் வாங்குங்கள், அதுவும் பொருளைக் கொடுப்பதற்கு ஒரு நாள் முன்னராவது. சைக்கிளைக் கையில் வைத்துக்கொண்டு 'படம் எடுக்கலாமா அம்மா?' என்று கேட்டால் எந்த அம்மா வேண்டாம் என்பார்? படம் வேண்டாம் என்றாலும் சைக்கிள் கிடைக்கும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். எங்கே போடுவீர்கள் என்றும் சொல்லுங்கள்: முகநூலிலா, ஒரு குடும்பத்துக்கு மட்டுமா. முன்னாள் போராளிகள், காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள், தனியே வீட்டைக் கொண்டு நடத்தும் பெண்கள் ஆகியோரின் முகம், வீடு, ஊர் மூன்றும் ஒரே பதிவில் வரவே கூடாது. படத்தை மெயிலில் மூலக்கோப்பாக அனுப்பினால் எடுத்த இடத்தின் விபரமும் அதற்குள் சேர்ந்து போகலாம். கமராவில் இடத்தைக் குறிக்கும் வசதியை நிறுத்திவிட்டு எடுங்கள்.

கொடுத்தவர் படம் கேட்டு நெருக்கினால்? 'இது உங்கள் சித்தப்பாவின் பேத்தியாக இருந்தால் இப்படி நிற்கவைத்துப் போடுவீர்களா அண்ணா?' என்று மரியாதையாகக் கேட்கலாம். பெரும்பாலானவர்கள் விளங்கிக்கொள்வார்கள்.

6. எப்போது அனுப்புவது

கொழும்பில் சனிக்கிழமை இரவு 7 மணி நல்ல நேரம். அப்போது லண்டனில் குளிர்காலத்தில் பகல் 1.30, கோடையில் 2.30. பாரிஸிலும் சூரிச்சிலும் அதைவிட ஒரு மணித்தியாலம் கூட. ரொறன்ரோவில் காலை 8.30 அல்லது 9.30. கட்டாரில் பின்னேரம் 4.30. மெல்பேர்ணில் மட்டும் நடுநிசி ஆகிவிடும், அவர்களுக்கு அன்று பகல் 2 மணிக்கே தனியாக அனுப்பிவிடுங்கள். சூம் கூட்டத்துக்கும் இதே கணக்குத்தான்.

மே 18 (முள்ளிவாய்க்கால் நினைவுநாள்), நவம்பர் 27 (மாவீரர் நாள்), ஜூலை 23 (1983 கலவர நினைவுநாள்) ஆகிய நாட்களில் காசு கேட்டு எதுவும் அனுப்பாதீர்கள். முன்கூட்டியே நேரம் குறித்து வைத்த பதிவுகள் இருந்தால் நிறுத்துங்கள். அந்த நாட்களில் உங்கள் நிறுவனம் ஏதாவது சொல்வதா இல்லையா என்பது நிர்வாகசபை முடிவு செய்யவேண்டியது, புதிதாக வந்தவர் தனியே எழுதுவதில்லை. நோன்பு காலத்தில் முஸ்லிம்கள் ஸகாத் (கடமையான தர்மம்) கொடுப்பார்கள். அது யாருக்குப் போகலாம் என்பதற்கு மார்க்க விதி இருப்பதால் தனிக் கணக்கு வையுங்கள். நேரில் சந்திக்க ஓகஸ்ட் நல்லது. நல்லூர்த் திருவிழாவுக்கும் பள்ளி விடுமுறைக்கும் வருபவர்கள் கொழும்பில் இரண்டு நாள் தங்கித்தான் யாழ்ப்பாணம் போவார்கள். வெள்ளவத்தையில் ஒரு தேநீரோடு ஒரு மணித்தியாலம் கதைத்தால் ஆறு மாத மெயிலுக்குச் சமம்.

7. காசு, பற்றுச்சீட்டு, சட்டம்

செய்தியின் அடியில் உங்கள் பதிவிலக்கம் இருக்கட்டும். தொண்டு நிறுவனங்கள் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழோ வேறு முறையிலோ பதிவாகியிருக்கும்; எது என்று அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காசு வங்கி மூலம் மட்டும். உண்டியலில் (வங்கிக்கு வெளியே ஆள் மூலம் கைமாற்றும் முறையில்) அனுப்பட்டுமா என்று யாராவது கேட்டால், நல்ல மனதோடுதான் கேட்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வரிச்சலுகை பற்றி வாக்குக் கொடுக்காதீர்கள். பிரித்தானியாவில் வரி செலுத்துபவர் கிஃப்ட் எய்ட் முறையில் 1 பவுண் கொடுத்தால் அரசு 25 பென்ஸ் சேர்க்கும். ஆனால் அது அங்கே அங்கீகரிக்கப்பட்ட தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்தால்தான். கனடாவில் வரிப் பற்றுச்சீட்டும் அப்படித்தான். உங்களுக்கு அங்கே பங்காளி நிறுவனம் இருந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் இல்லை.

எந்த அமைப்பிடமிருந்து வாங்குகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். 2014இல் அரசு பல புலம்பெயர் அமைப்புகளை வர்த்தமானியில் தடைப்பட்டியலில் சேர்த்தது. 2015இல் சிலதை எடுத்தது, 2021இல் மறுபடி சேர்த்தது, 2022இல் ஆறை எடுத்தது. அதனால் நண்பர் சொன்னார் என்று நம்பாமல், ஒவ்வொரு தடவையும் கடைசி வர்த்தமானியைப் பார்த்து, சந்தேகம் இருந்தால் சட்டத்தரணியிடம் கேளுங்கள். பட்டியலில் ஓர் அமைப்பின் பெயர் இருப்பதை வைத்து அந்த நாட்டில் வாழும் எல்லோரையும் சந்தேகத்தோடு பார்க்கும் தொனி உங்கள் எழுத்தில் வந்துவிடக் கூடாது.

கணக்கை இரண்டு நாணயத்திலும், மாற்றிய திகதியோடும் காட்டுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய்ச் சொச்சம், மே மாதத்தில் 350ஐத் தாண்டிவிட்டது. அந்த நேரம் ரூபாயில் மட்டும் கணக்குக் கொடுத்திருந்தால் எவ்வளவு சந்தேகம் வந்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். 'இதில் கொழும்பு அலுவலகத்துக்கு எவ்வளவு?' என்ற கேள்வி கட்டாயம் வரும். கோபப்பட வேண்டாம். சம்பளம், வாடகை, வாகனச் செலவு எல்லாவற்றையும் எண்ணாக எழுதுங்கள். 'ஒரு சதமும் வீண்போகாது' என்பது பதில் இல்லை.

8. ஞாபகார்த்தக் கொடைகள்

வருகிற காசில் பெரும்பங்கு இப்படித்தான் வரும்: அப்பாவின் 31ஆம் நாள், அம்மாவின் ஆண்டுத்திவசம், மகளின் பிறந்தநாள். குறித்த நாளில் ஒரு சிறுவர் இல்லத்துக்கு மதிய உணவு கொடுக்க வேண்டும் என்பார்கள். திகதியைக் கேட்கும்போது கொழும்புத் திகதியா அங்கத்தைய திகதியா, திதி பார்த்தா ஆங்கில நாள் பார்த்தா என்று கேளுங்கள். போயா நாளில் வங்கி பூட்டு, காசு பிந்தும். இரண்டு வேலைநாள் முன்னரே வரச் சொல்லுங்கள். இல்லத்திலுள்ள பிள்ளைகளுக்கு யாரோ ஒருவரின் மரணத்தைச் சொல்லி மௌன அஞ்சலி செய்யவைத்து, பிறகு சோறு போடும் வழக்கம் இருக்கிறது. அதைத் தவிர்த்துவிடுங்கள் என்று குடும்பத்தாரிடம் முன்கூட்டியே சொல்லலாம், தட்டமாட்டார்கள். பகல் சாப்பாடு முடிந்தவுடன் உணவுமேசைப் படத்தையும் இரண்டு வரியையும் அனுப்பினால், ரொறன்ரோவில் விடியும்போது போனில் இருக்கும்.

அப்படிக் காசு அனுப்பியவரின் அப்பா உங்கள் பட்டியலிலும் இருந்திருக்கலாம். அன்றைக்கே அவருடைய பெயரைத் தேடி எடுத்துவிடுங்கள்.